மொய் தவிர்க்கவும்

ஐந்து லிட்டர் கேனைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். கேன் என்ன செய்யும், பாவம். ஆனால் நான் ஏமாந்தது அதைப் பார்த்துத்தான். யாரும் என்னை ஏமாற்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நானாக ஏமாந்தேன். என் வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்று சேர்ந்து ஏமாந்தார்.

எம்.ரெட்டியபட்டி பஸ் நிறுத்தத்திலிருந்து நாலு கடை தள்ளி எங்கள் மரச்செக்கு இருக்கிறது. முன்னால் ஒரு மேஜை, தராசு, எண்ணெய்ப் பாத்திரங்கள். பின்னால் மோட்டாரில் ஓடும் செக்கு. நிலக்கடலையும் எள்ளும் ஆட்டுவோம், யாராவது தேங்காய் கொண்டுவந்தால் அதையும் ஆட்டிக் கொடுப்போம். இதைத் தொடங்கியதற்குப் பெரிய லட்சியம் ஒன்றும் கிடையாது. என் வீட்டுக்காரர் பதினோரு வருஷம் சவுதியில் லாரி ஓட்டினார். மகள் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அப்பா என்றால் போன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். போதும், வந்துவிடுங்கள் என்று நான்தான் அழுது புரண்டு வரவழைத்தேன். வந்தவர் சும்மா இருக்க முடியாதே, அதற்குத்தான் செக்கு.

வந்த அன்றைக்கே அவர் ஒரு கெடு வைத்தார்.

“இந்தா பாரு, ஒரு வருசம் பாப்போம். யாவாரம் நிமிந்துச்சுன்னா இங்கயே இருந்துருவேன். இல்லேன்னா திரும்பப் போறதுதான். அப்பறம் உக்காந்து அழுகக் கூடாது.”

“வருசமெல்லாம் எதுக்குங்க? மூணே மாசத்துல பிச்சுக்கிட்டு ஓடும், பாருங்க” என்றேன்.

எதை வைத்துச் சொன்னேன் என்று கேட்டால் பதில் கிடையாது. நாக்கில் எலும்பில்லை, சொல்லிவிட்டேன். அவர் கொண்டுவந்திருந்த சேமிப்பில் ஒரு பகுதியில் செக்கு வாங்கினோம். மீதியைத் தொடக்கூடாது என்று வைத்தோம். வியாபாரம் இல்லாவிட்டாலும் ஒன்றரை வருஷம், இழுத்துப் பிடித்தால் இரண்டு வருஷம் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க அது போதும். அப்படி வைத்தது மட்டும்தான் அந்த வருஷத்தில் நாங்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம்.

தை மாதம் கடை திறந்தோம். அழைப்புப் பத்திரிகையை அருப்புக்கோட்டையில் அச்சடித்தோம். கடைசி வரியில் “மொய் தவிர்க்கவும்” என்று போடச் சொன்னவர் என் வீட்டுக்காரர். அவருக்கு அதில் ஒரு கௌரவம். யாவாரம் தொடங்குகிற அன்றைக்கே கை நீட்டி வாங்கக்கூடாது என்றார். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஊரில் யாரும் போடாத வரி அல்லவா.

இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே யார் வீட்டு விசேஷத்திலும் செய்த முறையைத் திருப்பிச் செய்யாவிட்டால் சாப்பிட்ட சோறு செரிக்காது. காது குத்தோ சடங்கோ கல்யாணமோ, நாம் செய்ததை அவர்கள் நினைவில் வைத்திருந்து நம் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூட்டிச் செய்வார்கள். நான் இந்தப் பதினோரு வருஷமும் சவுதிக்காரர் பெண்டாட்டி என்ற பெயருக்காக எல்லா வீட்டிலும் தாராளமாகச் செய்திருந்தேன். திருச்சுழிப் பக்கம் ஒரு வீடு பாக்கியில்லை, பரளச்சியில் ஒரு வீடு பாக்கியில்லை. எங்கள் வீட்டிலோ அத்தனை வருஷமும் ஒரு விசேஷம் கிடையாது. மகளுக்குச் சடங்குகூட, அப்பா இல்லாமல் எதற்கு என்று நான்கு பேரோடு முடித்துவிட்டேன்.

ஆக, எங்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டியவர்கள் சுற்றுவட்டாரம் முழுக்க இருந்தார்கள். அவர்கள் கையில்தான் “மொய் தவிர்க்கவும்” என்ற பத்திரிகை போனது.

பரளச்சியில் கட்டிக்கொடுத்திருக்கும் என் நாத்தனார் பத்திரிகையைப் படித்துவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“என்ன மதினி, அண்ணன் இப்படிப் போட்டுருக்காக? அப்ப நாங்கள்லாம் எப்படித் திருப்பிச் செய்யிறது? எங்க வீட்டு ஆளுக என்னைக் கேக்க மாட்டாகளா?”

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். “மொய் எதுக்கு? வந்து எண்ணெ வாங்குங்க. அதுவே எங்களுக்குச் செஞ்ச மாதிரித்தான்.”

ஒரு பேச்சுக்குச் சொன்னது. சொன்ன மறு நிமிஷம் நான் மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

கடை திறந்த மறுநாளிலிருந்து கூட்டம். ஆத்தாடி, அப்படி ஒரு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஷேர் ஆட்டோவில் நாலு பேராக வந்து இறங்கினார்கள். பைக்கில் வந்தார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஐந்து லிட்டர் கேன் வாங்கினார்கள். காபி குடித்தார்கள், செக்கைச் சுற்றிப் பார்த்தார்கள், மகள் தலையைத் தடவிக் கொடுத்தார்கள், கேனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

யாரும் விலை கேட்கவில்லை. எண்ணெயை யாரும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடலையெண்ணெயா நல்லெண்ணெயா என்று நான் கேட்டதற்கு “எதுனாலும் குடு ஆத்தா” என்று சொன்னவர்கள் உண்டு. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். காசு கொடுத்து எண்ணெய் வாங்குகிறவள் எதுனாலும் கொடு என்பாளா? எனக்கு வாயெல்லாம் பல். நம் எண்ணெய் மேல் ஜனங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்று வீட்டுக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

கூட்டத்துக்கு நடுவே ஒருத்தி மட்டும் தினமும் காலையில் ஒரு பழைய பாட்டிலைக் கொண்டுவருவாள். பஸ் நிறுத்தத்து வேப்பமரத்தடியில் குழிப்பணியாரம் சுட்டு விற்கிறவள். என் வயதுதான் இருக்கும். கால் லிட்டர் கடலையெண்ணெய் கேட்பாள். ஊற்றியதும் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள், மூக்கருகே வைத்து முகர்வாள், கோடு வரைக்கும் வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். நேற்று என்ன விலை, இன்றைக்கு என்ன விலை என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்து நாள் பொறுத்தேன். ஒருநாள் கேன் வாங்க வந்த சொந்தக்காரர்கள் ஆறு பேர் நிற்கும்போது இவளும் பாட்டிலை நீட்டினாள்.

“இந்தாம்மா, கால் லிட்டரெல்லாம் ஊத்திக்கிட்டு நிக்க நேரமில்ல. வாங்குறதுன்னா அஞ்சு லிட்டரா வாங்கிக்க” என்றேன்.

“அஞ்சு லிட்டருக்கு நான் எங்கக்கா போவேன்?” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு வரவில்லை. வராததை நான் கவனிக்கவும் இல்லை.

சித்திரையில் இரண்டாவது செக்கு வாங்கினோம்.

இதை எழுதும்போதே கை கூசுகிறது. ஒரு செக்கால் கேட்கிறவர்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று முதலில் சொன்னது நான். அவர் தயங்கினார். “இன்னும் ரெண்டு மாசம் பாப்பமே” என்றார். “பாத்துக்கிட்டே இருந்தா அடுத்தவன் கடை போட்டுருவான்” என்று நான் விரட்டினேன். தொடக்கூடாது என்று வைத்திருந்த சேமிப்பு மொத்தத்தையும் போட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வாங்கி வந்தோம். லாரியிலிருந்து இறக்கும்போது சூடம் காட்டினேன். நின்று பார்த்தவர்களுக்கெல்லாம் பாதுஷா கொடுத்தேன். திமிர்தான், வேறென்ன.

வைகாசியில் கூட்டம் நின்றது. குறையவில்லை, நின்றது. குழாயை மூடிய மாதிரி. முதல் வாரம் வெயில் என்றோம். இரண்டாம் வாரம் பள்ளிக்கூடம் திறக்கிற செலவு என்றோம். பிறகு சொல்லக் காரணம் தீர்ந்துவிட்டது. காலையில் கடையைத் திறந்து இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். பஸ் வரும், ஆட்கள் இறங்குவார்கள், எதிர்ப்பக்கம் போவார்கள். வந்தவர்கள் புண்ணாக்கு கேட்டு வந்தவர்கள்தான். ஆடு வளர்க்காத வீடு இங்கே குறைச்சல், அதனால் புண்ணாக்குக்கு என்றைக்கும் ஆள் உண்டு. புண்ணாக்கு விற்க வேண்டுமென்றால் எண்ணெய் ஆட்ட வேண்டும். ஆட்டிய எண்ணெய் பாத்திரம் பாத்திரமாக நின்றது. ஆடி கழிவதற்குள் பழைய பாத்திரத்தைத் திறந்தால் லேசாகக் காறல் வாடை அடிக்க ஆரம்பித்தது. புதுச் செக்கின் மேல் தார்ப்பாய் போட்டு மூடினோம்.

எனக்கு அலுத்துப்போனது அந்த நாட்களில்தான். வேலை செய்து அலுப்பது ஒரு மாதிரி, படுத்தால் தூக்கம் வரும். வேலையில்லாமல் உட்கார்ந்து வருகிற அலுப்பு எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அவரும் நானும் பேசிக்கொள்வது குறைந்தது. அவர் பழைய நண்பர்களுக்குப் போன் போட ஆரம்பித்ததை நான் கண்டும் காணாத மாதிரி இருந்தேன்.

ஆவணியில் பரளச்சியில் நாத்தனாரின் கடைசிப் பையனுக்குக் காது குத்து. நான் மட்டும் போனேன். சாப்பாட்டுப் பந்தியில் நாத்தனார் பரிமாறிக்கொண்டு வந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. கேட்டுவிட்டேன்.

“எண்ணெ தீந்துருக்குமே, கடைப்பக்கம் ஆளையே காணோமே?”

அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“ஏன் மதினி, நாங்கதான் செஞ்சுட்டோம்ல?”

“என்னத்தைச் செஞ்சீக?”

“அஞ்சு லிட்டரு வாங்கினோமே மதினி! நீங்கதான சொன்னீக, எண்ணெ வாங்குனாப் போதும், செஞ்ச மாதிரித்தான்னு. நான் எங்க வீட்டு ஆளுக அத்தன பேருக்கும் சொல்லி அனுப்புனேனே. யாராச்சும் செய்யாம விட்டுருந்தாச் சொல்லுங்க, நான் கேக்குறேன்.”

அவள் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. யாரோ முறை தவறிவிட்டார்கள், அதை நான் பந்தியில் வைத்துக் குத்திக்காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டாள். எனக்குப் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா இலையிலிருந்து நிமிர்ந்து, “நாங்களும் செஞ்சுட்டோம்த்தா. மருமகன்தான் போயித் தூக்கிட்டு வந்தாரு” என்றாள். எதிர் வரிசையில் ஒருத்தி, “எங்க வீட்டுல ரெண்டு கேனு” என்றாள். அந்த இரண்டாவது கேன் கூட்டிச் செய்ததாம்.

மூன்று மாதத்துக்கு மேலாக என் கடையில் நடந்தது வியாபாரமே இல்லை. மொய் எழுதியிருக்கிறார்கள். எண்ணெயாக எழுதியிருக்கிறார்கள். பதினோரு வருஷத்து முறையையும் தீர்த்துவிட்டு அவரவர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஒருத்தர் மேலும் தப்பில்லை. மொய் வேண்டாம் என்று பத்திரிகையில் போட்டவர்களும் நாங்கள்தான், எப்படிச் செய்வது என்று வழி சொன்னவளும் நான்தான்.

பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. கடைக்குப் போய் அவரிடம் சொன்னேன். அவர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். “அப்ப இனி அவுக கடை தெறந்தா நாம கூட்டிச் செய்யணும்ல” என்றார். அது விளையாட்டில்லை, அப்படித்தான் ஆனது. நாத்தனாரின் கொழுந்தனார் அருப்புக்கோட்டையில் செல்போன் கடை திறந்தபோது நாங்கள் தேவையில்லாத போன் ஒன்று வாங்கினோம். சிரித்து முடித்ததும் அவர் தார்ப்பாயைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் நான் ஒரு பாட்டிலில் கால் லிட்டர் எண்ணெயை ஊற்றிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். பணியாரக்காரி பாக்கெட் பாமாயிலைக் குழியில் விட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள்.

“இருங்கக்கா, இந்த ஈட்டை எடுத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். நான் நின்றேன். என் கடையில் அவளை நிற்கவைத்ததற்கு இது சரிக்குச் சரி என்று நினைத்தேன், அவள் அப்படி நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை. எடுத்து முடித்துத் துணியில் கையைத் துடைத்தாள்.

“அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மனசுல வச்சுக்கிறாத. பழையபடி வந்து வாங்கு” என்று பாட்டிலை நீட்டினேன்.

வாங்கித் திறந்து முகர்ந்தாள். “இது பழசுக்கா” என்று திருப்பிக் கொடுத்தாள்.

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அவள் சொன்னது நிஜம். “நாளைக்குப் புதுசா ஆட்டித் தாரேன்” என்றேன்.

“ஆட்டுங்க, வாரேன். ஆனா நெதம் கால் லிட்டருதான். கூட வாங்கு, கூட வாங்குன்னு சொல்லக் கூடாது. மழை பேஞ்சா நான் கடை போட மாட்டேன். அன்னைக்கு வர மாட்டேன்.”

“சரி” என்றேன். நான் செய்த முதல் வியாபாரப் பேச்சு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அவள் மறுநாள் வந்தாள். அவளைப் பார்த்து டீக்கடைக்காரர் வந்தார். பிள்ளை பெற்ற வீட்டுக்கு நல்லெண்ணெய் என்று ஒருவர் அரை லிட்டர் வாங்கினார், பிடித்துப்போய் அடுத்த மாதமும் வந்தார். எல்லோரும் விலை கேட்டார்கள். பாக்கெட் எண்ணெயின் விலையைச் சொல்லிச் சண்டை பிடித்தார்கள். முகர்ந்து பார்த்தார்கள். ஐப்பசியில் மழை பெய்த நாளில் ஒருத்தரும் வரவில்லை. மார்கழி முடியும்போது கிட்டத்தட்ட ஒரு பன்னிரண்டு வீடு நிலைத்திருந்தது. பன்னிரண்டு வீட்டை வைத்துக் கரண்ட் பில் கட்டலாம். குடும்பம் நடத்த முடியாது.

தை பிறந்தது. கெடு முடிந்தது. விசா வந்துவிட்டதென்று அவர் சொன்னபோது நான் அழக்கூடாது என்றுதான் இருந்தேன்.

“ஏங்க, இப்பத்தான வேர் பிடிக்குது. பன்னெண்டு வீடு வந்துருச்சுல்ல? இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கையைத் தூக்கித் தார்ப்பாய் போட்ட செக்கைக் காட்டினார்.

“பொறுத்துப் பாக்க வச்சிருந்த காசுதான் அந்தா நிக்குது.”

ஒன்றரை வருஷத்தைக் கொடுத்து நான் இரும்பும் மரமும் வாங்கியிருந்தேன். மதுரைக்குப் போகும் பஸ்ஸில் அவர் ஏறும்போது மகள் பையைத் தூக்கிக் கொடுத்தாள். ஒரே வருஷத்தில் அவள் அவரோடு சண்டை போடக் கற்றிருந்தாள், அவர் பைக்கில் பின்னால் உட்காரக் கற்றிருந்தாள். திரும்பி வரும்போது, “அப்பா பேசாம வராமலே இருந்துருக்கலாம்மா” என்றாள். அது வரவழைத்த என்னைச் சொன்னது.

இது மூன்றாவது வருஷம். இரண்டாவது செக்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். இப்போது நாற்பது வீட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். வருஷத்துக்குப் பத்து, பன்னிரண்டு வீடு சேர்கிறது. அதற்கு மேல் சேர்வதில்லை. நானும் தலைகீழாக நின்று பார்த்துவிட்டேன், போர்டு வைத்துப் பார்த்தேன், இலவசமாகச் சின்னப் பாட்டில் கொடுத்துப் பார்த்தேன். அதற்கென்று ஒரு நடை இருக்கிறது, அந்த நடையில்தான் அது வருகிறது. காலையில் ஐந்தரைக்கு மோட்டார் போட்டால் மதியம் வரை நிற்க வேண்டும். மூட்டு வலிக்கிறது. எண்ணெய் வாடை தலைமுடியிலிருந்து போவதே இல்லை.

போன வெள்ளிக்கிழமை மதியம் அவர் போன் செய்தார். வெள்ளிதான் அவருக்கு லீவு. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போவதைப் பற்றிப் பேசினோம். பிறகு கேட்டார்.

“இந்த வருசத்தோட முடிச்சுக்கிட்டு வந்துரவா?”

வாங்க என்று வாய் வரைக்கும் வந்தது. பாத்திரங்களைப் பார்த்தேன். நாற்பது வீடு. மகளின் காலேஜ். அடுத்த வருஷம் புதிதாக யார் யார் சேர்வார்கள் என்று நான்கு பேர் முகத்தை நினைத்துப் பார்த்தேன்.

“இன்னும் ரெண்டு வருசம் ஆகுங்க” என்றேன்.

“ரெண்டு வருசமா?”

“ரெண்டுக்குக் குறையாது. கூடவும் ஆகலாம்.”

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. வெகு நேரம் கழித்து, “முன்னெல்லாம் மூணு மாசம்னு சொல்லுவ” என்றார்.

“சொன்னேன்.”

“இப்பவும் சொல்லேன். பொய்க்காச்சும் சொல்லு.”

அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. பதினோரு வருஷம் இருந்தபோதுகூடக் கேட்டதில்லை. ஆனாலும் சொல்லவில்லை. சொன்னால் நம்பிவிடுவார், கிளம்பியும் வந்துவிடுவார். நானும் நம்பிவிடுவேன்.

வாசலில் நிழல் விழுந்தது. பணியாரக்காரி சாயங்காலக் கடைக்குப் பாட்டிலோடு வந்து நின்றாள்.

“யாரு?” என்றார் போனில்.

“பணியாரக்காரம்மா.”

“எவ்வளவு?”

“கால் லிட்டருதான்.”

“ஊத்திக் குடு. நான் லைன்லயே இருக்கேன்” என்றார்.